கிட்டத்துக் கறுப்பு

கருவாடு காயும் இடத்தில் காக்கை விரட்ட ஓர் ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். கூடை தூக்கித் தெருத்தெருவாகக் கூவி மீன் விற்க எனக்கு வாய் வராது. ஏலம் போகிற இடத்தில் அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்று விலை கேட்கவும் வராது. கல்யாணமாகி மண்டபத்தூருக்கு வந்த புதிதிலேயே மாமியார் அதைத் தெரிந்துகொண்டு, இது கூவி விற்கிற பிள்ளை இல்லை, மணலில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெயில் ஏறியதும் பழைய வலையை விரித்து, அதன் மேல் நெத்திலியையும் காரப்பொடி மீனையும் பரப்பிவிட்டு, ஓலைத் தட்டி நிழலில் குச்சியோடு உட்கார்ந்துகொள்வேன். முன்னால் கடல், பின்னால் ஊர்.

படம் வரைய ஆரம்பித்தது அங்கேதான். மகள் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது, படிக்கிற காலத்தில் வாங்கிய பென்சில் டப்பாவை விட்டுவிட்டுப் போனாள். ஒன்று மங்கலாக எழுதும், ஒன்று கரியைப் போலக் கறுப்பாக எழுதும், இரண்டுக்கும் நடுவில் சில. போனில், வீடியோவில், ஒருவர் மலையும் மரமுமாக வரைந்து காட்டுவார். அவர் பேசுவது இந்தியோ வேறு எதுவோ, எனக்குப் புரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பேன். பத்தாவது வரை படித்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் வரைந்ததெல்லாம் வெறும் கோடு. படகு, சவுக்கு மரம், பின்னால் பனை, அதற்கும் பின்னால் செல்போன் டவர். எல்லாம் ஒரே கறுப்பில், ஒரே அழுத்தத்தில். பார்த்தால் எல்லாவற்றையும் ஒரே கொடியில் காயப் போட்டதுபோல் இருக்கும். எதற்கு முன்னால் எது என்று தெரியாது. அந்த மனிதரின் கையைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தூரத்தில் இருப்பதை அவர் மங்கல் பென்சிலால் தடவிவிடுகிறார், கிட்டத்தில் இருப்பதற்குத்தான் கறுப்புப் பென்சிலை எடுக்கிறார். கிட்டத்தில் வெளிச்சத்தைக் கடும் வெளிச்சமாகவும் நிழலைக் கடும் நிழலாகவும் விடுகிறார். தூரத்தில் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து சாம்பலாகிவிடுகிறது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தும் அதை நான் பார்க்கவில்லை.

நிழலின் வேலையும் அப்போதுதான் தெரிந்தது. மணலில் ஏற்றிப் போட்ட படகை எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது காற்றில் தொங்கும். அதன் அடியில் ஒரு கறுப்புப் பட்டை போட்டவுடன் மணலில் உட்கார்ந்துவிடும். உச்சி வெயிலில் அந்த நிழல் படகுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் அந்த நேரத்தில் கடற்கரையை வரைவது கஷ்டம். எல்லாம் வெளிறித் தட்டையாகக் கிடக்கும். கூடையோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "காக்கா வெரட்டச் சொன்னா காக்காயப் படம் போட்டுக்கிட்டு உக்காந்துருக்கா பாரு" என்பார்கள். நான் தாளைத் திருப்பி வைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர், அவர் அண்ணனுடைய பைபர் போட்டில் அணியத்தில் நிற்கிறவர். அணியம் என்றால் படகின் மூக்கு. பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார், நடுவில் வலைக்கு இரண்டு பேர். அணியத்து ஆளுக்குக் கயிறும் நங்கூரமும். கரைக்குத் திரும்பும்போது கடைசி அலை தூக்கிவிடுகிற நேரம் பார்த்துக் கயிற்றோடு குதிக்க வேண்டியவர் அவர்தான். கொஞ்சம் முந்தினால் படகு அவர் மேலேயே ஏறிவிடும், பிந்தினால் பின்னால் வரும் அலை படகைத் திருப்பிவிடும்.

போன வருஷம் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டு, இழுத்த கயிறு அறுந்து அவர் முகத்தில் அடித்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். இடது கண்ணைத் தைத்துக் காப்பாற்றினார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் இருக்கிறது, இமைக்கிறது, கூடவே திரும்புகிறது. வலது கண் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். ஊரில் எல்லோரும் ஒரு கண் இருந்தால் போதும் என்று ஆறுதல் சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு லீவு போட்டுருக்கு, இன்னொண்ணு டபுள் டூட்டி பாக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் வேறு மாதிரி இருந்தது. டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுவார். வலை ஊசியில் நூல் கோக்க முயன்று ஊசிக்குப் பக்கத்தில் காற்றைக் குத்துவார். வாசல் படியில் கால் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி, உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். தம்ளர் ஆடுகிறது, நூல் பிசிறு, படி கட்டியவன் சரியில்லை. நான் துணியை எடுத்துத் துடைப்பேன்.

படம் வரைகிறவர் சில சமயம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே பார்ப்பார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று ஒருநாள் நானும் மணலில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். எதிரே இருந்த கடற்கரை படமாகிவிட்டது. எதுவும் குறையவில்லை, தூரத்துப் பனை தூரத்திலேயேதான் இருந்தது, டவர் அதற்குப் பின்னால்தான் இருந்தது. வெளிறலும் கறுப்பும் பார்த்து எது முன், எது பின் என்று சொல்ல முடிந்தது. பக்கத்தில் கிடந்த குச்சியை எடுக்கக் கையை நீட்டினேன். விரல் மணலில் குத்தியது. குச்சி இன்னும் அந்தப் பக்கம் இருந்தது. பொத்திய கண்ணைத் திறக்காமல் இன்னொரு முறை முயன்றேன், அப்போதும் மணல்தான். கண்ணைத் திறந்த பிறகும் குச்சியை எடுக்கவில்லை. காக்கை வந்து நெத்திலியைக் கொத்திக்கொண்டு போனது.

அவருக்கு என்ன போய்விட்டது என்பது அப்போது விளங்கியது. தூரம் போகவில்லை, கிட்டம் போய்விட்டது. கை எட்டுகிற வட்டத்துக்குள் இருக்கிற உலகம் அவருக்குத் தாளில் வரைந்ததுபோல் தட்டையாகிவிட்டது. தட்டையான தாளில் ஆழம் காட்ட என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எனவே வீட்டிலும் அதையே செய்தேன். சில்வர் தம்ளரை வைக்கிற இடத்தில் கறுப்புத் துணி ஒன்றை மடித்துப் போட்டேன், விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. வாசல் படியின் ஓரத்தில் சுண்ணாம்பால் பட்டை அடித்தேன், பொங்கலுக்கு அடிப்பதுபோல் எல்லாப் படிக்கும் அடித்துவிட்டதால் அவர் ஏனென்று கேட்கவில்லை. விளக்கைத் தலைக்கு மேலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் நிழல் நீளும், எது எங்கே நிற்கிறது என்று நிழல் சொல்லிவிடும். வலை ஊசியைச் சிவப்பாக வாங்கினேன்.

பலன் கிடைத்தது. டீ தம்ளருக்குள் விழுந்தது. படியில் கால் தடுமாறவில்லை. அவர் முகத்தில் பழைய களை வந்தது. தன் கண் பழகிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வீட்டில்தான் பழகியிருக்கிறார், வீடு அவருக்காக மாறியிருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. கடலில் யார் கறுப்புத் துணி விரிப்பார்கள்.

இடையில் அவருக்குப் பதிலாக அணியத்தில் நின்றவன் விசைப்படகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டான். அண்ணனுக்கு ஆள் வேண்டும். தம்பியின் இடம் அது, வெளியாளைத் தேட அவருக்கு மனமில்லை. ஆனாலும் கண் விஷயம் என்பதால் சோதித்துப் பார்க்காமல் ஏற்ற மாட்டேன் என்று, ஒருநாள் காலையில் படகில் உட்கார வைத்துக் கடலுக்குள் கூட்டிப் போனார்.

கடல்காரர்கள் கண்ணைச் சோதிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. இந்தப் பனை அந்த டவருக்கு நேரே வந்தால் இன்ன இடம், தண்ணீர்த் தொட்டி சவுக்குத் தோப்பை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றால் இன்ன பாறை. இப்போது படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் வயதானவர்கள் அதை ஒரு முறை பார்த்துவிட்டுக் கரையையும் ஒரு முறை பார்ப்பார்கள். அதைச் சரியாகச் சொல்பவனுக்குக் கண் இருக்கிறது, சொல்லாதவனுக்கு இல்லை. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். அண்ணன் கேட்பதற்கு முன்பே சொன்னாராம். எப்படிச் சொல்லாமல் இருப்பார். படகு நகர்ந்தால் கிட்டத்து மரம் ஓடும், தூரத்து டவர் கூடவே வரும், வெளிறியது பின்னால், கறுத்தது முன்னால். அதற்கு ஒரு கண் போதும். ஒரு கண்ணைப் பொத்திய எனக்கே அது தெரிந்ததே.

சாப்பிடும்போது அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வியாழக்கிழமை முதல் போகலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கரையும் டவரும் அவரை என்ன செய்யப் போகின்றன. கயிறு கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலை காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குதிக்க வேண்டிய தரை படகு விளிம்பிலிருந்து ஓர் ஆள் உயரம்கூட இல்லை. நுரையும் வெள்ளை, மணலும் வெளிறல், எதற்கும் நிழல் கிடையாது.

வாயால் சொல்ல வரவில்லை. இரண்டு படம் வரைந்தேன். ஒன்று சாயங்கால வெயிலில் படகும் கயிறும், நிழல் நீண்டு எது எங்கே இருக்கிறது என்று தெளிவாக. இன்னொன்று அதே இடம் உச்சி வெயிலில், நிழலே இல்லாமல், கயிறும் படகும் மணலும் ஒரே வெளிறலில். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். இதில் கயிறு எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறதா என்று கேட்டேன். அவர் நன்றாகப் பார்த்தார். முதல் படம் நன்றாக வந்திருக்கிறது, இரண்டாவதில் பென்சில் பத்தவில்லை போலிருக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மதியம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். காரைக்காலுக்குப் போய்ப் புதிதாக வெள்ளை நைலான் கயிறு வாங்கி, சுருளாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசல் சிமெண்டுத் தரையில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே கதவோரத்தில் நின்றேன். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரே நின்று பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை வீட்டுக்காரர் மூலமோ பிள்ளை மூலமோ சொல்வோம். அவர் வந்தால் நான் எழுந்து உள்ளே போவேன், அவரும் இருமிவிட்டுத்தான் வாசலேறுவார். இத்தனை வருஷத்தில் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கூச்சத்துக்கு அந்த வழக்கம் வசதியாகவும் இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"மாமா."

இரண்டு பேரும் திரும்பினார்கள். மூத்தார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"சொல்லும்மா."

"நீங்க கடல்ல காட்டுனது தூரம். தூரம் அவங்களுக்கு நல்லாத் தெரியும். கிட்டதான் தெரியல. கயித்த வீசிப் பாருங்க."

என் வீட்டுக்காரர், "உள்ள போடி" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "இவன் கையில கயிறு இன்னைக்கு நேத்தா இருக்கு, ஏம்மா" என்றார். ஆனால் கை தோளுக்குப் போய்ச் சுருளைக் கழற்றிவிட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி, "வீசுங்க. வீசிட்டு ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க" என்றார்.

குழந்தைக்குப் பந்து போடுவதுபோல் மெதுவாகத்தான் வீசினார். கயிற்றின் நுனி வளைந்து வந்தது. என் வீட்டுக்காரரின் கை ஒரு சாண் முன்னால் மூடிக்கொண்டது. கயிறு நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது.

"மறுபடி வீசுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டாவது முறை கை பிந்திவிட்டது. மூன்றாவது முறை அவர் தன் கையை நம்பவில்லை. கயிறு நெஞ்சில் வந்து அடித்ததும் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார். பிடித்துவிட்டேன் என்று அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கயிற்றின் மறு நுனியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அதைச் சுருட்டத் தொடங்கினார். தம்பியின் கையில் இருந்த நுனி வருகிறவரை சுருட்டினார். தம்பி விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேர் கையிலும் கயிறு இருந்தது. அப்புறம் விட்டார்.

உச்சி வெயில். தரை வெள்ளை, எதிர்ச் சுவர் வெள்ளை, கயிறும் வெள்ளை. நீலக் கயிறாக இருந்திருந்தால் பிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலமாக இருந்து நிழல் விழுந்திருந்தாலும் பிடித்திருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. அங்கே நின்றவர்களில் அது தெரிந்தவள் நான் மட்டும்தான். கரையில் அலை நுரைக்கும்போது எதுவும் நீலமாக இருக்கப்போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனாலும் இன்றைக்கும் சில நேரம், நான் கேட்டது நியாயமான சோதனைதானா என்று நெஞ்சை அறுக்கிறது.

அண்ணன் தம்பியைக் கரையில் விட்டுவிடவில்லை. வியாழக்கிழமை கூட்டிப் போனார். இன்ஜினில் உட்கார வைத்தார், அங்கிருந்து பார்க்க வேண்டியதெல்லாம் தூரம். அணியத்துக்கு வேறு ஆள் அமையவில்லை. அண்ணனே போய் நின்றுகொண்டார். தம்பியை விட அவருக்குப் பத்து வயது கூட. வலது முழங்காலில் வலி, மழைக்காலத்தில் படியேறவே கையை ஊன்றுவார். அவர் இப்போது கயிற்றோடு குதிக்கிறார். கருவாட்டுத் தட்டியின் நிழலில் இருந்து நான் அதைத் தினமும் பார்க்கிறேன். படகு அலையில் ஏறும்போது காக்கைகளை மறந்துவிடுவேன். அவர் மணலில் விழுந்து, எழுந்து, கயிற்றை இழுத்த பிறகுதான் குச்சியை எடுப்பேன். பின்னால் இன்ஜினில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஏலத்துக்கு வருகிற பெண்களுக்குச் செய்தி போய்விட்டது. வாயில்லாத பூச்சி என்று நினைத்தோம், புருஷனை அணியத்திலிருந்து இறக்கிவிட்டாளே என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். மூத்தாரின் மனைவி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய புருஷன்தான் இப்போது குதிக்கிறார்.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு கேட்பார், துண்டு கேட்பார், அதற்கு மேல் இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் மாலையில் அவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அண்ணங்கிட்ட போயிச் சொன்னியே. மொதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்."

"நீ சொல்லல. படம் காட்டுன."

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அன்றைக்கு அந்த இரண்டு தாளை வைத்தபோது, உங்களுக்குக் கிட்டத்தில் தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை அவரே அண்ணனிடம் போய்ச் சொல்லியிருப்பார். வெயிலில் நிற்க வைத்து வெள்ளைக் கயிற்றை வீச வேண்டியிருந்திருக்காது. ஒருவேளை கேட்காமல் அணியத்தில் ஏறியும் இருப்பார்.

"இப்ப சொல்றேன்" என்றேன். "எனக்கு ஒங்க அண்ணனப் பாத்தா பயமா இருக்கு. அவுரு குதிக்கிறப்ப."

அவர் வலையிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு மட்டும் என்ன" என்றார். "நாந்தான அவுர அலையில கொண்டுபோயி விடுறேன்."

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து வலையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிரித்துக்கொண்டே வந்தார்.